மிச்சம் வைக்காத இலை

ஜூலை 20, ஞாயிறு

உரக்கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் இதன்மேல் தோசைக்கல்லை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. இந்த வீட்டில் யாரிடம் சொல்ல? அதனால் டைரிக்கு வேலை வந்தது.

காலையில் கிழங்குக் கொட்டகையில் என் மாமனாருக்கும் கொழுந்தன் திருமூர்த்திக்கும் சண்டை. நடவுக்கு ஆள் வந்து நிற்கிறது, கண்வலிக்கிழங்கு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அத்தனை பேர் முன்னாலும் திருமூர்த்தி கத்துகிறான்: "எனக்கு முப்பத்தெட்டு வயசாச்சுங்கப்பா. பாகத்தப் பிரிச்சுக் குடுங்க. சொந்தமா ஒரு காடு இல்லாதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் கண்ண மூடுனதுக்கப்பறம் பிரிச்சுக்குங்கடா" என்றார்.

"அப்பச் சீக்கிரமா மூடுங்க!"

ஆட்களெல்லாம் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் டிராக்டர் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூத்த மகன், ஐம்பது வயது, அப்பாவுக்கு எதிரே ஒரு 'ம்' சொல்லத் தெரியாது. மாமா பேரைச் சொல்லி அவினாசியப்பன் மகன் என்றால் மூலனூர் சந்தையே எழுந்து நிற்கும், மகன் மட்டும் உட்கார்ந்தே இருப்பார்.

இந்தக் கிழங்கு ஒரு கெரகம். கார்த்திகையில் செங்காந்தளாகப் பூத்தால் காடே தீப்பிடித்த மாதிரி அழகாக இருக்கும். விதை மருந்துக் கம்பெனிக்குப் போகும், இந்த வீடு அதில்தான் எழும்பியது. ஆனால் வேரிலிருந்து விதை வரைக்கும் விஷம். அதனால் மாமா ஒரு சட்டம் போட்டிருக்கிறார்: எந்தக் கிழங்கும் சமையலறை வாசப்படி தாண்டக் கூடாது. உருளைக்கிழங்குகூடக் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் நான் ஒரு உருளைக்கிழங்கு பொரியல் செய்ததில்லை. கொட்டகைக் கத்தி கொட்டகையில், வீட்டுக் கத்தி வீட்டில்.

சண்டை முடிந்து மாமா தண்ணீர் சேந்தும் கிணற்றடியில் குளித்தார். அத்தைதான் முதுகு தேய்த்துவிட்டார்கள். உள்ளே வந்தவர் என்னைக் கூப்பிட்டு, "தாரிணிக்கு எப்ப லீவு?" என்றார். என் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். கூடப் படிக்கிற ஒரு பையனோடு பழக்கம். நம் ஆட்கள் இல்லை. இரண்டு மாதமாகப் போனில் திட்டித் திட்டி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஜூலை 22, செவ்வாய்

மாமாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யாரோ பேக்கரியில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன், அவர் சிரிக்கிறார்.

"எதுக்கம்மிணி பயப்படற? பதினெட்டாம் பெருக்குக்குப் புள்ளைய வரச் சொல்லு. நானே பேசிக்கறேன். ஒரு சொல்லு அதட்ட மாட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷன் வயதானதும் கனிந்துவிட்டார். பதினொரு வருஷம் முன்னால் அவருடைய மகள் வனிதாமணி இதே மாதிரி ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது வீடே இரண்டுபட்டது. பிறகு அவரே சமாதானமாகி அவளை ஊருக்கு வரவழைத்தார். பாவம், வந்த இடத்தில் மஞ்சள்காமாலை கண்டு போய்விட்டாள். இருபத்துமூன்று வயது. அந்த வருத்தம்தான் அவரை இப்படி மாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரிடம், பெருக்குக்கு முந்தின சனிக்கிழமை போய்த் தாரிணியைக் கூட்டி வாருங்கள் என்றேன். காரில் கிளட்ச் போய்விட்டதாம். சரி, பஸ்ஸில் வரட்டும் என்றால், வயசுப்பெண்ணைத் தனியாக எப்படி விடுவது என்கிறார். சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

அத்தை அதற்கும் மேலே. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரிடமும் பேச்சில்லை. இன்றைக்குப் பாத்திரம் துலக்கும்போது திடீரென்று என் கையைப் பிடித்து, "பாப்பாள வர வேண்டாம்னு சொல்லிரு சாமி" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. தாத்தாவே மனது இறங்கி வருகிறார், இவர்களுக்கு என்ன? "உங்க பேத்தி உங்க வீட்டுக்கு வரக் கூடாதுங்களா அத்தை?" என்று வெடுக்கென்று கேட்டேன். அத்தை சொம்பை மறுபடியும் துலக்கினார்கள்.

ஜூலை 23, புதன்

நாளைக்கு ஆடி அமாவாசை. வாழையிலை, பூசணி, அவரை வாங்கியாயிற்று. அத்தை பாகற்காய் கேட்டார்கள். மெக்கானிக்கைச் சந்தையில் பார்த்தேன், கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

ஜூலை 24, வியாழன்

இன்றைக்கு ஒரு கூத்து.

படையலுக்கு எப்போதும் மூன்று இலை. மாமாவின் அப்பா, அம்மா, அண்ணன். அத்தை நான்காவதாக ஒரு இலை விரித்தார்கள். யாருக்கு என்று கேட்டேன்.

"வனிதாளுக்கு."

பதினொரு வருஷமாக அவளுக்கு இலை கிடையாது. கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்கு என்ன படையல் என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டிருந்தார். அத்தை ஒரு நாளும் எதிர்த்துக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்காமலேயே விரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். மாமா இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வெய்யி" என்றார்.

பாகற்காய்க் குழம்பு அதற்குத்தான். இந்த வீட்டில் பாகற்காய் தின்கிறவர்கள் மாமாவும் வனிதாவும் மட்டும். அப்பனும் மகளும் கசப்பைப் போட்டி போட்டுத் தின்பார்கள். எனக்கு வாசனையே ஆகாது, ஒதுங்கி நின்றேன்.

காக்காய்க்கு வைத்துவிட்டு வந்து ஆளுக்கொரு இலையில் உட்கார்ந்தோம். "அவ இலையில அப்பன்தான் உக்காரோணும்" என்று அத்தை சொன்னார்கள். மாமா உட்கார்ந்தார். முதல் வாய் வைத்ததும் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். அத்தையை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் குனிந்து, மொத்தத்தையும் சாப்பிட்டார். கிண்ணத்தில் மீதி இருந்ததையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு, இலையை வழித்து எடுத்துவிட்டார்.

அதன்பிறகு அத்தை வழக்கம்போல அவருடைய இலையிலேயே உட்கார்ந்தார்கள். கட்டி வந்த நாளிலிருந்து அப்படித்தான். புருஷன் சாப்பிட்ட இலையில் சாப்பிடுவது, அவரும் மனைவிக்கென்று ஒரு கை ஒதுக்கி வைப்பது. நான் வந்த புதிதில் என்னையும் செய்யச் சொன்னார்கள். ஒரு வாரம் செய்தேன், அப்புறம், எச்சிலில் சாப்பிட என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். இன்றைக்கு அத்தைக்கு ஒதுக்கி வைத்தது ஒன்றுமில்லை. வெறும் சோற்றைப் போட்டு இலையைத் துடைத்துத் துடைத்துத் தின்றார்கள். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் திருமூர்த்தி மூட்டுவலி லேகியம் ஒன்று வாங்கி வந்து அப்பாவுக்குக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பேசியதற்குப் பிராயச்சித்தம் போல. மாமா ஒரு வாய் போட்டுக்கொண்டார். பரவாயில்லை, வீடு வீடாக இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

விடிந்ததிலிருந்து மாமாவுக்கு வாந்தியும் பேதியும். தாராபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. என் வீட்டுக்காரரும் திருமூர்த்தியும் அங்கேயே இருக்கிறார்கள்.

அத்தை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றுவிட்டார்கள். காலையில் நான் எழுந்தபோது கொல்லைப்புறத்துப் பொடக்காலியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் படுத்துவிட்டார்கள். காபி வேண்டாம், கஞ்சி வேண்டாம். அமாவாசை விரதம் இன்னும் விடவில்லையாம். கட்டின புருஷன் அங்கே குழாய் மாட்டிக் கிடக்கிறார், இங்கே விரதமாம். எனக்கு வந்த கோபத்துக்குக் கஞ்சிப் பாத்திரத்தை டொக்கென்று வைத்துவிட்டுப் போனேன்.

ஜூலை 26, சனி

மாமாவுக்குச் சிறுநீர் பிரியவில்லை. அத்தை இன்னும் எழவில்லை. உதடு வெடித்துக் கிடக்கிறது. டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றால், "போறதுக்குத்தான கெடக்கறேன், விடு சாமி" என்கிறார்கள். புருஷனுக்கு முன்னால் சுமங்கலியாகப் போக ஆசை போலும்.

ஜூலை 28, திங்கள்

மாமா போய்விட்டார்.

ஜூலை 30, புதன்

இரண்டு நாளாக உட்கார நேரமில்லை. ஊரே வந்து போயிற்று. தாரிணி வந்தாள். அதுவரை மூலையில் கல்லாக உட்கார்ந்திருந்த அத்தை, அவளைக் கட்டிக்கொண்டு "பொழச்சு இரு சாமி, பொழச்சு இரு" என்று கதறிய கதறலில் எல்லாரும் அழுதார்கள். நானும்தான். எனக்கு அவர் நல்ல மாமனார். என் அப்பா செத்தபோது அடக்கம் முடிகிற வரை வெயிலில் நின்றவர். அதை மறக்க மாட்டேன்.

இன்றைக்கு இன்ஸ்பெக்டர் செண்பகவல்லி வீட்டுக்கு வந்தார். இந்தப் பக்கத்து டாக்டர்களுக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும், கண்வலி விஷம் என்று. அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாமாவை யாரோ கொன்றிருக்கிறார்கள். இந்த வீட்டுக்குள் இருக்கிறவர்களில் ஒருத்தர்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார்: "அமாவாசைக்கு மதியம் என்ன சாப்பிட்டாரு? அதை வேற யாராவது சாப்பிட்டாங்களா?"

"எங்க அத்தை அதே இலையில சாப்பிட்டாங்கங்க."

"அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவது?"

"இல்லீங்க. விரதம்னு படுத்திருந்தாங்க, அவ்வளவுதான்."

"அப்ப மதியச் சாப்பாட்டுல இல்ல" என்று எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் உள்ளே போனது லேகியம் ஒன்றுதான். டப்பாவை எடுத்துக்கொண்டார்கள். கொட்டகையில் நடந்த சண்டையை நடவு ஆட்கள் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார்கள். 'சீக்கிரமா மூடுங்க' என்று சொன்னதையும் சேர்த்து.

திருமூர்த்தியை ஜீப்பில் ஏற்றும்போது அத்தை வாசலுக்கு ஓடி வந்தார்கள். "அவன உடுங்க! நாந்தான் வெச்சேன்! நாந்தான் அவியளுக்குச் சோத்துல வெச்சேன்!"

இன்ஸ்பெக்டர் அத்தையின் தோளைப் பிடித்து, "பெத்தவங்க இப்படித்தாம்மா சொல்லுவாங்க. நீங்களும் அதையேதானே சாப்பிட்டீங்க? உள்ள போங்க" என்றார். சுற்றி நின்ற பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். என்ன இருந்தாலும் தாய் தாய்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

திருமூர்த்தியை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். எனக்கு அவனைப் பிடிக்காது. சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மாட்டான், என் சமையலைக் குறை சொல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லை. ஆனாலும் அவன் வண்டி ஷெட்டில் தூசி படிந்து நிற்பதைப் பார்த்தால் என்னவோ செய்கிறது. அப்பாவுக்கு மூட்டு வலிக்கிறதே என்று லேகியம் வாங்கி வந்தவன், அதிலேயே விஷம் வைப்பானா? அவனுக்கு அவ்வளவு சூது போதாது.

அப்படியென்றால் யார்? என் வீட்டுக்காரரா? டயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. தீட்டு வீட்டில் ஏது பெருக்கு? தாரிணியை நேற்றே ஹாஸ்டலுக்கு அனுப்பியாயிற்று. அத்தைதான் நின்று அனுப்பி வைத்தார்கள். அவள் பஸ் ஏறினதும் என்னிடம், "இன்னைக்குத்தான கண்ணு அவிய பாப்பாள வரச் சொன்னது?" என்று கேட்டார்கள். இல்லை, நாளைக்கு என்றேன். இன்றைக்குக் காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அத்தைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டுத் தலை சீவினேன். இரண்டு வாரத்துச் சிக்கு. சீப்பை வைத்து இழுத்தேன். முடி கையோடு வந்தது. பத்து இருபது முடி இல்லை, கொத்து. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் ஒரு கொத்து. வலிக்கவில்லை போல, அத்தை அசையவில்லை. மண்டையில் வெள்ளை வெள்ளையாகத் தோல் தெரிந்தது.

சீப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்படி முடி வந்ததை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு வேண்டிய ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில், இரண்டாவது வாரம், கட்டிலில் வனிதாவுக்கு நான்தான் பின்னல் போட்டுவிட்டேன். இடுப்பு வரைக்கும் முடி அவளுக்கு. பாதிப் பின்னல் என் கையில் கழன்று வந்தது. அவள், "அண்ணி, இதையப் பார்த்தா அவன் என்னக் கட்டிக்க மாட்டான்" என்று சிரித்தாள். காமாலைக்கு அப்படி ஆகும் என்று மாமா சொன்னார். அவளுக்கும் முதலில் வாந்திதான், பேதிதான். பதினெட்டாம் பெருக்குக்கு வந்து, இந்த வீட்டில் சாப்பிட்ட மறுநாள்.

காமாலைக்கு யாருக்கும் முடி இப்படிக் கொட்டி நான் பார்த்ததில்லை. அத்தைக்குக் காமாலையும் இல்லை.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று வந்த முடியை அடுப்பில் போட்டேன். வீடெல்லாம் நாற்றம். பால் பொங்கிவிட்டது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

என் வீட்டுக்காரரைக் களத்து மேட்டில் பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. "வனிதா எப்படிச் செத்தா?" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். என் பேரைச் சொல்லி, "புனிதா, நான்தான் கார்ல போய் அவளக் கூட்டியாந்தேன்" என்றார். "அப்பா அன்னைக்கும் இதயேதான் சொன்னாரு. ஒரு சொல்லு அதட்ட மாட்டேன்னு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அப்பத் தெரியாது. அவ போனதுக்கப்பறம்... கேக்கறதுக்குப் பயமா இருந்துது."

"தாரிணியவும் அதுக்குத்தான் கூப்பிட்டாருன்னு தெரியுமா?"

அவர் அழுதார். கார் கிளட்ச்! பதினொரு வருஷம் வாயைத் திறக்காத மனுஷன், பெற்ற மகளைக் காப்பாற்றக் கண்டுபிடித்த வழி கிளட்ச் ரிப்பேர். நான் கையில் கிடைத்த வேப்பங்குச்சியால் அவரை அடித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. தடுக்கவே இல்லை. அப்புறம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் மகளை வரச் சொல்லிப் போன் செய்தவள் நான். அத்தை வேண்டாம் என்று கையைப் பிடித்தார்கள், நான் வெடுக்கென்று பேசினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. தலையில் துண்டைச் சரியாகக் கட்டிவிட்டேன். அவர்களாகவே பேசினார்கள்.

"அன்னைக்குச் சண்டை முடிஞ்சு கெணத்தடில முதுகு தேச்சுட்டு இருந்தேன் கண்ணு. பாப்பா சங்கதியச் சொன்னாங்க. நானு, சின்னஞ்சிறுசு, புத்தி சொல்லிப் பாக்கலாமுங்கன்னேன். 'வனிதா புத்தி சொல்லிக் கேட்டாளா? அது மாதிரி இதும் சத்தமில்லாமப் போயிரும், நீ வாயத் தொறக்காம இரு'ன்னாங்க. சோப்பு நொர கையில அப்படியே இருக்குது. எனக்கு அப்பத்தான் தெரியும். பதனோரு வருசமா காமாலைன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு அவளுக்கு நான்தான் கண்ணு ஊட்டிவிட்டேன்" என்றார்கள். "ரொம்ப நாள் கழிச்சு வந்துருக்காளேன்னு, என்ற கையால, உருண்டை உருட்டி. பாகற்காக் கொழம்பு. கசக்குதும்மான்னா. நீதான் கசப்புத் தின்னியாச்சேடின்னு இன்னொரு உருண்டை குடுத்தேன்."

அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுத்தமாகப் பிடித்தேன். வேறென்ன செய்ய.

"அவியளோட நானும் போயிரலாமுன்னுதான் அதே இலையில உக்காந்தேன். ஆசுபத்திரிக்குப் போனாப் பொழைக்க வெச்சுருவாங்கன்னுதான் சுருண்டு கெடந்தேன். கெழங்குலயே பொழப்பு நடத்துன நாக்கு சாமி அது, மொத வாயிலயே தெரிஞ்சிருக்கும். என்னைய ஒரு பார்வ பாத்தாங்க. அப்பறம் கேட்டு வாங்கித் தின்னாங்க. கட்டிட்டு வந்த நாள்ல இருந்து எனக்குன்னு ஒரு கை ஒதுக்காம அவிய எந்திரிச்சதில்ல. அன்னைக்கு மட்டும் மிச்சமே வெக்கல. நான் சாகக் கூடாதுன்னு நெனச்சாங்களோ, இல்ல, நீ இருந்து அனுபவின்னு விட்டாங்களோ. அதுதான் எனக்கு வெளங்க மாட்டேங்குது."

எனக்கும் விளங்கவில்லை. மகளைக் கொன்றவர். பேத்தியைக் கொல்ல இருந்தவர். அந்த ஒரு இலையை மட்டும் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "கருமாதி முடிஞ்சதும் பழனிக்குப் போயிட்டு வந்துரலாம் அத்தை. மொட்டை போட்டுக்குங்க. வேண்டுதல்னு சொல்லிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"அப்பத் திருமூர்த்தி?"

வக்கீல் வைக்கலாம், லேகியத்தில் ஒன்றுமில்லை என்று ஒரு நாள் தெரிந்துவிடும், விட்டுவிடுவார்கள் என்றேன். எனக்கே என் குரல் கேட்கப் பிடிக்கவில்லை.

"வாயால சொன்னேன், நம்பல" என்றார்கள் அத்தை. "அந்தச் சோத்த நான் தின்னேன், எனக்கு ஒண்ணுமே ஆவலைன்னுதான அவனப் புடிச்சுட்டுப் போனாங்க? இந்த முடிய டாக்டரு பாத்தா நம்புவாரு. வனிதாள மாதிரியே உழுகுது பாரு. எனக்குச் சாட்சி சொல்றதுக்கு எம்மகதான் வந்துருக்கறா. அதையப் போயி வழிச்சுப் போடுங்கறியே." தலைத் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு வந்தத அடுப்புலதான போட்ட? நாத்தம் வந்துது. இனிமே போடாத" என்றார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கருமாதி முடிந்தது. அத்தைக்கு வெள்ளைச் சேலை. தாலியைக் கழற்றும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். பேசட்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

பொழுது சாய்ந்துவிட்டது. இப்போதுதான் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். தனியாக.

இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லையாம். அத்தை துண்டை அவிழ்த்துக் காட்டினார்களாம். மஞ்சப்பையில் சேர்த்து வைத்திருந்த முடியை மேசைமேல் வைத்தார்களாம். டாக்டரைக் கூட்டி வந்து பார்த்திருக்கிறார்கள். அப்புறம் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்திருக்கிறார். வனிதாவைக் கூட்டி வந்தது, பிறகு நடந்தது, எல்லாம் சொன்னாராம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். திருமூர்த்தியை விட்டுவிடுவார்கள், கோர்ட்டில் எழுதி வாங்க ஓரிரு நாள் ஆகும். அத்தையை இன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், வாசலில் பெண் போலீஸ். அதற்கப்புறம் எங்கே என்று எனக்கு எழுத வரவில்லை.

காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு அரிசி பருப்புச் சாதம் செய்து, நெய் ஊற்றி, இலை போட்டேன். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்கள். நானும் வருகிறேன் என்றேன். "நீ வராத. பாப்பா போன் பண்ணுவா, வீட்டுல ஆள் இருக்கோணும். அந்தப் பையன் நல்ல பையனான்னு நீயே போய்ப் பாத்துட்டு வா" என்றார்கள். கை கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்கள். எவ்வளவு சிறிய ஆள் என்று அப்போதுதான் பார்த்தேன். சீட்டுக்கு மேலே வெள்ளைத் துண்டு மட்டும் தெரிந்தது.

உள்ளே வந்தேன். இலை அப்படியே இருந்தது. ஓரத்தில் ஒரு கைச் சோறு ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேண்டுமென்று வைத்தார்களோ, பழக்கத்தில் வந்ததோ.

நான் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்துச் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடவில்லை.

உப்பே போடவில்லை. அத்தை சொல்லவே இல்லை.